எதிர்கால மாலுமி, சங்கத் தலைவர், அரசியல்வாதி: நம்பும்படியான ஒரு வாழ்க்கையை அமைப்பது எப்படி?

கேள்வி: 2031-ல் தூத்துக்குடியில் பிறக்கும் ஒருவன் கப்பலுக்குப் போகிறான், மாலுமிகள் சங்கத்தின் தலைவனாகிறான், கடைசியில் முதலமைச்சர் ஆகிறான். இப்படி ஒரு எதிர்காலப் புதினம் எழுதுகிறேன். கப்பல் தொழில், சங்கம், தேர்தல் மூன்றிலும் தவறில்லாமல் எழுத என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

பதில்:

உங்கள் கதையின் அடிப்படை முடிச்சிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் நாயகனின் ஆட்கள் கடலில் இருக்கிறார்கள், ஓட்டுகள் கரையில் இருக்கின்றன. பஞ்சாலைத் தொழிலாளர் தலைவருக்கு ஆலை வாசலிலேயே ஒரு தொகுதி உண்டு. மாலுமிகள் சங்கத் தலைவருக்கு அது கிடையாது. ஒரு சரக்குக் கப்பலில் இருபது, இருபத்தைந்து பேர்தான் இருப்பார்கள். அவர்களும் நான்கைந்து நாட்டுக்காரர்கள். ஆறு முதல் ஒன்பது மாதக் கான்ட்ராக்ட் முடிந்ததும் ஆளுக்கொரு திசையில் போய்விடுவார்கள், அதே குழு மறுபடி ஒரே கப்பலில் சேர்வது அபூர்வம். போதாக்குறைக்கு, இந்தியாவில் ராணுவத்தினருக்கு உள்ள அஞ்சல் வாக்கு வசதி வணிகக் கப்பல் மாலுமிகளுக்கு இல்லை. வாக்குப்பதிவு நாளில் கப்பலில் இருப்பவருடைய ஓட்டு அவ்வளவுதான். பத்தாயிரம் மாலுமிகள் உயிரைக் கொடுத்து ஆதரித்தாலும் அதை வைத்து ஒரு நகராட்சி வார்டைக்கூட வெல்ல முடியாது. இந்த இடைவெளியை அவன் எப்படிக் கடக்கிறான் என்பதுதான் அவனுடைய வாழ்க்கைக் கதை.

இரண்டாவது திருத்தம், முதலமைச்சர் பதவி. அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் கடல் கப்பல் போக்குவரத்தும் வணிகக் கப்பல் பயிற்சியும் ஒன்றியப் பட்டியலின் 25-ஆவது இனமாக இருக்கின்றன. பெருந்துறைமுகங்களும் ஒன்றிய அரசின் கையில்தான். தூத்துக்குடி 1974-லேயே பெருந்துறைமுகமாகிவிட்டது. தொழிற்சங்கமும் தொழிலாளர் நலனும் பொதுப்பட்டியலில் இருந்தாலும், மாலுமியின் கூலி, வேலை நேரம், சான்றிதழ் எதையும் மாநிலச் சட்டமன்றத்தால் தொட முடியாது. ஆக, முதலமைச்சரானால் தான் போராடிய விஷயத்திலேயே அவனுக்கு அதிகாரம் இருக்காது. அதுவே நீங்கள் சொல்ல விரும்பும் துயரம் என்றால் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அவனை மக்களவைக்கு அனுப்புங்கள். நான் மக்களவையை வைத்தே மேலே போகிறேன்.

உண்மையில் இப்படி வாழ்ந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களை முதலில் பாருங்கள். இங்கிலாந்தின் சண்டர்லண்டில் 1858-ல் பிறந்த ஹாவ்லாக் வில்சன் சிறுவயதிலேயே கடலுக்குப் போனவர். 1887-ல் மாலுமிகளுக்கும் கொதிகலன் தொழிலாளர்களுக்குமாக ஒரு சங்கம் தொடங்கினார். 1890-ல் கிழக்கு பிரிஸ்டல் இடைத்தேர்தலில் நின்று தோற்றார். 1892-ல் மிடில்ஸ்பரோவில் வென்று நாடாளுமன்றம் போனார். அவருடைய சங்கம் வளர்ந்ததும் முதலாளிகள் சும்மா இருக்கவில்லை. 1890-ல் கப்பல் உரிமையாளர் கூட்டமைப்பு ஒன்றை உருவாக்கி, தங்களிடம் பதிவு செய்துகொண்டவர்களுக்கே வேலை என்றார்கள். 1911 வேலைநிறுத்தம் வில்சனின் உச்சம். ஆனால் கடைசிக் காலத்தில் அவர் முதலாளிகளோடு மிக நெருங்கிப்போனதால், 1928-ல் அவருடைய சங்கத்தை, பிரிட்டிஷ் தொழிற்சங்கங்களின் கூட்டமைப்பான தொழிற்சங்கக் காங்கிரஸே வெளியேற்றியது. எதிர்ப்பில் தொடங்கி, பேச்சுவார்த்தை மேசையில் பழகி, கடைசியில் மேசையின் மறுபக்கம் போய் உட்கார்ந்துவிடும் இந்த வளைவு, எதிர்காலக் கதைக்கும் அப்படியே பொருந்தும்.

நார்வேயில் 1854-ல் பிறந்து கலிபோர்னியா கரையேறிய ஆண்ட்ரூ ஃபுருசெத் வேறு மாதிரி. அவர் தேர்தலில் வென்று பதவிக்குப் போகவில்லை. சங்கச் செயலாளராக வாஷிங்டனில் ஆண்டுக்கணக்கில் தவம் கிடந்தார். கப்பலை விட்டு ஓடிய மாலுமியைப் பிடித்துச் சிறையில் போடலாம் என்பது அன்றைய சட்டம். 1897-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே, அடிமை முறையை ஒழித்த 13-ஆவது திருத்தம் மாலுமிகளின் ஒப்பந்தத்துக்குப் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. அதை மாற்ற 1915-ல் வந்த மாலுமிகள் சட்டம்தான் ஃபுருசெத்தின் வாழ்நாள் சாதனை. ஆனால் அவரிடம் ஒரு பெரிய கறையும் உண்டு. ஆசிய மாலுமிகளை அமெரிக்கக் கப்பல்களிலிருந்து விலக்கவும் அதே சட்டத்தைப் பயன்படுத்தப் பார்த்தார். வில்சனும் சீன மாலுமிகளுக்கு எதிராகப் பேசியவர்தான். உங்கள் நாயகனையும் இந்தச் சோதனையில் நிறுத்துங்கள். 2060-களில் இந்திய மாலுமியைவிடக் குறைந்த கூலிக்கு வேறொரு நாட்டு ஆள் வருவார். ‘அவர்களை உள்ளே விடாதே’ என்று சொல்வதா, ‘அவர்களுக்கும் அதே கூலி கொடு’ என்று சொல்வதா? உறுப்பினர்கள் முதல் கோஷத்துக்குத்தான் கை தட்டுவார்கள். அவன் எதைச் சொல்கிறான் என்பதில்தான் அவன் யாரென்று வாசகருக்குத் தெரியும்.

உங்களுக்கு மிக நெருக்கமான முன்மாதிரி ஜான் பிரெஸ்காட். 1938-ல் பிறந்தவர். குனார்ட் நிறுவனத்தின் பயணிக் கப்பல்களில் பரிமாறும் பணியாளராக இருந்து, மாலுமிகள் சங்கத்தில் தீவிரமாக இயங்கினார். 1966-ல் மே 16 தொடங்கி ஜூலை 1 வரை நடந்த பிரிட்டிஷ் மாலுமிகள் வேலைநிறுத்தத்தில் முன்னணியில் நின்றார். அதே ஆண்டு சவுத்போர்ட் தொகுதியில் தோற்றார். 1970-ல் துறைமுக நகரமான ஹல்லின் கிழக்குத் தொகுதியில் வென்று, 40 ஆண்டு அதே தொகுதியை வைத்திருந்தார். 1997 முதல் 2007 வரை துணைப் பிரதமர். நடுவில் ரஸ்கின் கல்லூரியிலும் ஹல் பல்கலைக்கழகத்திலும் படித்தார். அந்தக் கரைக்காலத்தைத்தான் பலர் கதையில் விட்டுவிடுகிறார்கள். மாலுமி அரசியல்வாதி ஆவதற்கு முன் இரண்டு மூன்று ஆண்டு ஒரே ஊரில் இருந்தாக வேண்டும். படிப்போ, விபத்தோ, வழக்கோ, ஏதாவது ஒன்று அவனைக் கரையில் கட்டிப் போட வேண்டும்.

நம் பக்கத்திலும் ஒருவர் உண்டு. சில்ஹெட்காரரான அஃப்தாப் அலி கப்பலில் வேலை செய்தவர், கல்கத்தா மாலுமிகளைத் திரட்டியவர், 1937-ல் வங்காளச் சட்டமன்ற உறுப்பினரானவர். அவருக்கு இருந்த ஒரு வசதி உங்கள் நாயகனுக்கு இல்லை. 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தில் தொழிலாளர்களுக்கென்றே தனித் தொகுதிகள் இருந்தன. தூத்துக்குடிக்கென்று இன்னொரு நினைவும் இருக்கிறது. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய வ.உ.சி.தான் 1908-ல் கோரல் மில் வேலைநிறுத்தத்தையும் நடத்தினார். கப்பல், தொழிலாளர், அரசியல் மூன்றும் ஒரே ஊரில் ஒரே ஆளிடம் கூடியது அங்கே முன்பே நடந்திருக்கிறது. அவனுடைய மேடைப் பேச்சில் இது வராமல் இருக்க வாய்ப்பே இல்லை.

இனி கப்பலுக்குப் போகும் வழி. அவனை அதிகாரியாக ஆக்காதீர்கள், ரேட்டிங்காக, அதாவது அதிகாரி அல்லாத சாதாரண மாலுமியாக அனுப்புங்கள். அதிகாரிகளுக்குத் தனிச் சங்கம், தனி ஒப்பந்தம், தனிச் சாப்பாட்டு அறை. இன்றைய முறை இது: பத்தாம் வகுப்பில் ஆங்கிலம், கணிதம், அறிவியலில் தேர்ச்சி, பதினேழரை வயது, மருத்துவத் தகுதி. பிறகு கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்ககத்தின் அனுமதி பெற்ற நிறுவனத்தில் ஆறு மாத ஜிபி (பொதுப்பணி) ரேட்டிங் பயிற்சி. அதோடு எஸ்டிசிடபிள்யூ எனப்படும் சர்வதேச மாலுமிப் பயிற்சி உடன்படிக்கை கேட்கும் அடிப்படைப் பயிற்சிகள்: கடலில் உயிர் தப்புதல், தீயணைப்பு, முதலுதவி, தனிமனிதப் பாதுகாப்பு, கப்பல் காவல். இன்டோஸ் எனப்படும் மாலுமிப் பதிவு எண் வாங்கி, சிடிசி எனப்படும் மாலுமிப் புத்தகம் வாங்கி, உரிமம் பெற்ற ஆள்சேர்ப்பு நிறுவனம் வழியாகத்தான் கப்பலேற வேண்டும். கப்பலில் ஆறு மாதம் போனதும் வாட்ச் எனப்படும் முறைக் காவல் பார்க்கும் தகுதி, அதன்பின் மேலும் கடற்சேவை முடித்து ஏபி எனப்படும் தேர்ந்த மாலுமி. அதற்கு மேல், தள மாலுமிகளின் மேற்பார்வையாளரான போசன். இந்தியக் கப்பல்களில் அவரைச் சேரங் என்றும் கூப்பிடுவார்கள்.

இந்த வழியில் பணம் பறிபோகும் இடம் ஒன்றுதான். அது ஏஜென்ட். எம்எல்சி எனப்படும் 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி, வேலை வாங்கித் தருவதற்கு மாலுமியிடம் கட்டணம் வாங்கக் கூடாது. மருத்துவச் சான்று, மாலுமிப் புத்தகம், பாஸ்போர்ட் ஆகியவற்றுக்கான செலவு மட்டும்தான் அவனுடையது. ஆனாலும் உரிமமில்லாத ஆட்கள் லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு, ஏதோவொரு நாட்டின் போலிச் சான்றிதழோடு, காப்பீடு இல்லாத பழைய கப்பலில் பையன்களை ஏற்றிவிடுகிறார்கள். வீட்டில் நகையை அடகு வைத்துக் கொடுத்த பணம் என்பதால், கப்பல் மோசம் என்று தெரிந்தும் அவன் இறங்க மாட்டான். சாப்பாடு சரியில்லை என்று புகார் சொல்லக்கூட ஏன் பயப்படுகிறான் என்பதற்கு இந்தக் கடன்தான் காரணம். இதை விட்டுவிட்டு எழுதினால் அவனுடைய மௌனம் கோழைத்தனமாகத் தெரியும்.

கப்பலில் அவனை முதலில் கோபப்படுத்துவது புயலாக இருக்காது, ஓய்வு நேரத் தாளாக இருக்கும். விதி தெளிவானது. எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணி ஓய்வு, எந்த ஏழு நாளிலும் 77 மணி ஓய்வு. அந்தப் பத்து மணியை இரண்டு துண்டுக்கு மேல் உடைக்கக் கூடாது, ஒரு துண்டு ஆறு மணியாவது இருக்க வேண்டும். சிறிய கப்பலில் ஆறு மணி வேலை, ஆறு மணி ஓய்வு என்று ஓடும்போது துறைமுகம் வந்தால் எல்லாம் குலைந்துவிடும். கயிறு கட்ட ஒரு மணி, சரக்கு இறக்கும்போது கேங்வே எனப்படும் கப்பல் ஏணிப்படியில் காவல், நடுவில் ஆய்வாளர் வருகை, மறுபடி கயிறு அவிழ்ப்பு. வேலை செய்த நேரத்தை உள்ளது உள்ளபடி கணினியில் பதிவு செய்தால், விதி மீறிய கட்டம் சிவப்பாகும். சிவப்பு இருந்தால் துறைமுக ஆய்வில் கப்பல் தடுத்து வைக்கப்படலாம். அதனால் எண்ணைத் திருத்திக் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். எல்லோரும் போடுவார்கள். உங்கள் நாயகன் போட மறுக்கும் முதல் காகிதம் இதுவாக இருக்கட்டும். அதற்கு விலையும் இருக்க வேண்டும். யாரும் அவனை அடிக்க மாட்டார்கள். அடுத்த கான்ட்ராக்டுக்கு அழைப்பு வராது, அவ்வளவுதான்.

சம்பளத்திலும் ஏமாற்று உண்டு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஏபிக்கு நிர்ணயித்த குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 2025-ல் மாதம் 673 டாலராக இருந்தது. இதை 208 மணியால் வகுத்து ஒன்றேகால் மடங்கு செய்தால் ஓவர்டைம் மணிக்குச் சுமார் 4.04 டாலர். சில கப்பல்களில் இரண்டு கணக்குப் புத்தகம் இருக்கும். சங்க ஆய்வாளர் வந்தால் காட்ட ஒன்று, உண்மையில் கொடுப்பது இன்னொன்று. இதைப் பிடிக்கும் வழி எளிது. சம்பளத்திலிருந்து வீட்டுக்கு மாதாமாதம் போகும் அலாட்மென்ட் தொகையின் வங்கிப் பதிவையும் கப்பலில் கையெழுத்தான சம்பளச் சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். அந்த வங்கிப் பதிவு இருப்பது மனைவியின் கையிலோ அம்மாவின் கையிலோதான். அவனுடைய சங்கம் முதலில் பெண்களிடமிருந்து திரண்டால் அது கற்பனைக்கு அழகு மட்டும் இல்லை, வேலையின் இயல்பும் அதுதான்.

அவனைத் தலைவனாக்கும் நிகழ்ச்சிக்குக் கப்பல் கைவிடப்படுவதை வையுங்கள் என்பேன். மூழ்குதல், கடற்கொள்ளை எல்லாம் பலரும் எழுதியவை. கைவிடுதல் மெதுவானது, அதனால்தான் ஒரு மனிதனை மாற்றும். உரிமையாளர் ஊருக்கு அனுப்பும் செலவை ஏற்க மறுத்தாலோ, உணவும் எரிபொருளும் தராமல் விட்டாலோ, குறைந்தது இரண்டு மாதச் சம்பளம் தராமல் தொடர்பை அறுத்துக்கொண்டாலோ, அது எம்எல்சி வரையறைப்படி கைவிடுதல். ஐடிஎஃப் எனப்படும் சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பின் கணக்கில் 2024-ல் மட்டும் 312 கப்பல்களில் 3,133 மாலுமிகள் இப்படி விடப்பட்டார்கள். அதில் இந்தியர்களே அதிகம்.

நடைமுறையில் இது எப்படி நடக்கும்? முதலில் சம்பளம் தாமதமாகும், ‘அடுத்த வாரம்’ என்று மெயில் வரும். பிறகு காய்கறியும் இறைச்சியும் வருவது நிற்கும், அரிசியும் பருப்பும் மட்டும் மிஞ்சும். டீசலை மிச்சம் பிடிக்க ஜெனரேட்டரை நாளுக்குச் சில மணி நேரம் மட்டும் ஓட்டுவார்கள். ஜெனரேட்டர் நின்றால் குளிர்பதனமும் ஏசியும் நிற்கும், குடிநீர் தயாரிப்பும் நிற்கும், செல்போன் சார்ஜும் போகும். எஃகுத் தளத்தின் சூட்டில் உள்ளே தூங்க முடியாமல் எல்லோரும் மேல்தளத்தில் படுப்பார்கள். ஏன் இறங்கிப் போகவில்லை என்று வாசகர் கேட்பார். நங்கூரத்தில் நிற்கும் கப்பலைக் குறைந்தபட்ச ஆட்கள் இல்லாமல் விடத் துறைமுகம் அனுமதிக்காது. கரைக்கு வர விசாவோ அனுமதிச் சீட்டோ வேண்டும். இறங்கினால் பாக்கிச் சம்பளமும் போய்விடும் என்ற பயம் வேறு. எகிப்தின் சூயஸ் அருகே அமான் என்ற கப்பலில் நடந்ததைப் படியுங்கள். 2017-ல் தடுத்து வைக்கப்பட்ட அந்தக் கப்பலுக்கு, சிரிய மாலுமி ஒருவரை நீதிமன்றம் சட்டப்படியான காவலராக ஆக்கியது. மற்றவர்கள் போய்விட்ட பிறகும் அவர் தனியாகவே இருந்தார். கப்பல் கரைக்கு அருகே ஒதுங்கியதும் உணவுக்கும் போன் சார்ஜுக்கும் நீந்திப் போய்வந்தார். 2021 ஏப்ரலில்தான் ஊர் திரும்பினார்.

இங்கே அவன் கற்றுக்கொள்ளும் ஆயுதங்கள் இரண்டு. 2017 ஜனவரியிலிருந்து நடைமுறையில் உள்ள எம்எல்சி திருத்தப்படி கப்பலில் நிதிப் பாதுகாப்புச் சான்று ஒட்டியிருக்க வேண்டும். அந்தக் காப்பீட்டாளர் நான்கு மாதப் பாக்கிச் சம்பளம் வரைக்கும், ஊர் திரும்பும் செலவும் தர வேண்டும். சான்று காலாவதியாகிவிட்டதா என்பதுதான் அவன் சுவரில் பார்க்க வேண்டிய முதல் விஷயம். இரண்டாவது, கப்பலையே கைது செய்வது. மாலுமியின் கூலிக்குக் கப்பலின் மேல் முன்னுரிமை உண்டு, உரிமையாளர் மாறினாலும் அது கூடவே போகும். இந்தியாவில் 2017-ஆம் ஆண்டின் கடல்வழக்குச் சட்டப்படி சென்னை உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டுக் கப்பலைத் தடுத்து, விற்ற பணத்திலிருந்து கூலியை எடுக்கலாம். என்ன கோளாறு வரும்? தடுத்த கப்பலின் அன்றாடச் செலவை விற்பனை முடியும்வரை யாராவது தாங்க வேண்டும். பழைய கப்பலை இரும்பு விலைக்குத்தான் எடுப்பார்கள். மாதங்கள் ஓடும். அதற்குள் மாலுமிகளில் பாதிப் பேர் கிடைத்ததை வாங்கிக்கொண்டு, முழுத் தொகையும் பெற்றதாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். கடைசிவரை கையெழுத்துப் போடாமல் இருக்கும் நான்கைந்து பேர்தான் அவனுடைய சங்கத்தின் முதல் கிளை.

சங்கம் என்ற அமைப்புக்குள் போவோம். பதிவுக்கு ஏழு பேர் விண்ணப்பிக்கலாம், ஆனால் அந்தத் தொழிலில் உள்ளவர்களில் பத்து விழுக்காடு அல்லது நூறு பேர், இதில் எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினராக இருக்க வேண்டும். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டப்படி, 51 விழுக்காடு உறுப்பினர் உள்ள சங்கமே தனியாகப் பேச்சுவார்த்தை நடத்தும் உரிமை பெறும். மாலுமிகளில் இதை நிரூபிப்பது பெரும் பாடு. ஒரு நாளில் பாதிப் பேர் கடலில், பாதிப் பேர் விடுப்பில். எனவே பழைய சங்கத்தைப் பிளந்து புதியது தொடங்குவதைவிட, பழைய சங்கத்துக்குள் தேர்தலில் வெல்வது அவனுக்கு எளிது. அங்கே இன்னொரு சிக்கல் காத்திருக்கும். பல மாலுமிகள் சங்கங்களுக்குச் சந்தாவைவிட, ஒப்பந்தப்படி கப்பல் உரிமையாளர்கள் கட்டும் நலநிதியே பெரிய வருமானம். அந்தப் பணத்தில்தான் பயிற்சிப் பள்ளி, மருத்துவமனை, ஓய்வில்லம் எல்லாம் நடக்கும். கடுமையாகப் பேசினால் ஒப்பந்தம் போகும், ஒப்பந்தம் போனால் நிதி போகும். வில்சன் மாட்டிக்கொண்ட வலையும் ஏறக்குறைய இதுதான்.

வேலைநிறுத்தத்தைக் காட்சியாக எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். நடுக்கடலில் வேலைநிறுத்தம் கிடையாது. ஓடும் கப்பலில் கட்டளையை மறுப்பது கலகம். கப்பல் பாதுகாப்பாகக் கட்டிய பிறகுதான் தொடங்கலாம். 1966-ல் நடந்தது இதுதான். முதல் நாள் துறைமுகத்தில் இருந்த கப்பல்கள் நின்றன, பிறகு ஒவ்வொன்றாக ஊர் திரும்பிய கப்பல்கள் சேர்ந்துகொண்டன. மாலுமிகள் வேலைநிறுத்தம் நாளாக நாளாகப் பெருகும். ஆலை வேலைநிறுத்தம் போல முதல் நாளே உச்சத்தில் இருக்காது. பிரிட்டிஷ் அரசு அன்று ஒரு வாரத்திலேயே அவசரநிலை அறிவித்தது. கரையில் உதவ சரக்கேற்றும் தொழிலாளர் வேண்டும். அவர்கள் கிரேனை நிறுத்தினால் வேறு எதுவும் தேவையில்லை. அரசியலில் அவனுடைய ஓட்டுக்கு முதல் விதையும் அந்தக் கிரேன்காரர்தான், அவர் உள்ளூர்க்காரர்.

இனி எதிர்காலம். ஆளில்லாக் கப்பலை வெறும் அலங்காரமாக வைக்காதீர்கள், கதையின் மையப் போராட்டமே அதில் இருக்கிறது. நார்வேயின் யாரா பிர்க்லண்ட் என்ற மின்கலக் கப்பல், 120 கண்டெய்னர் ஏற்றக்கூடியது, 2022-லேயே வேலைக்கு வந்துவிட்டது. படிப்படியாக ஆளைக் குறைப்பதே திட்டம். சர்வதேசக் கடல்சார் அமைப்பு தானியங்கிக் கப்பல்களுக்கான விதித்தொகுப்பை 2032 ஜனவரியில் கட்டாயமாக்கும் இலக்கோடு வேலை செய்கிறது. உங்கள் நாயகன் கப்பலேறும் 2049-ல் எல்லாக் கப்பலும் காலியாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். குறுகிய தூரப் படகுகளும் நதிக் கப்பல்களும் முதலில் மாறும். பெருங்கடலைத் தாண்டும் கப்பலில் நடுவில் எஞ்சின் பழுதானால் கையால் பிரிக்க ஆள் வேண்டும், அதனால் இருபது பேர் எட்டாகக் குறைவார்கள் என்பதே நம்பத்தக்கது. அந்த எட்டுப் பேரின் ஓய்வு நேரம் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போடலாம்.

மீதிப் பேர் கரையில் ஒரு கட்டடத்தில் திரை முன்னால் உட்கார்ந்து கப்பலை ஓட்டுவார்கள். எம்எல்சி வரையறைப்படி மாலுமி என்பவர் கப்பலின் மேல் வேலை செய்பவர். கரையில் உட்கார்ந்து ஐந்து கப்பலை ஓட்டுபவர் அந்த வரையறைக்குள் வரமாட்டார். ஓய்வு நேர விதியும் இல்லை, கூலி முன்னுரிமையும் இல்லை. நிறுவனத்துக்கு இது லாபம். ஆனால் வில்சனும் ஃபுருசெத்தும் கனவில்கூடக் காணாத ஒன்று சங்கத்துக்குக் கிடைக்கிறது: கப்பலோட்டிகள் எல்லோரும் ஒரே கட்டடத்தில், ஒரே ஊரில், ஓட்டுரிமையோடு. நாற்பது பேர் எழுந்து போனால் இருநூறு கப்பல் தத்தளிக்கும். கடலில் ஓடும் கப்பலைக் கைவிடுவது கலகமா, கரையில் வேலையை நிறுத்துவது உரிமையா? இரண்டும் ஒரே செயலாகிவிடும் அந்த வழக்குதான் உங்கள் புதினத்தின் நடுப்பகுதி.

எரிபொருளும் மாறியிருக்கும். அமோனியா எரிக்கும் எஞ்சின்களுக்கான இடைக்கால வழிகாட்டுதல்கள் 2024 இறுதியிலேயே வந்துவிட்டன. அமோனியா மைனஸ் 33 டிகிரியில் திரவமாகும், காற்றில் பத்து லட்சத்தில் 300 பங்கு இருந்தாலே உடனடி உயிராபத்து. குழாய் இணைப்பில் ஒரு சீல் தேய்ந்தால் போதும். மூடிய அறை விபத்தில் எப்போதும் நடப்பது இங்கும் நடக்கும்: முதலில் விழுந்தவரைக் காப்பாற்ற முகமூடி இல்லாமல் ஓடுபவர் இரண்டாவதாக விழுவார். விபத்துக் காட்சி வேண்டுமானால் இதை வையுங்கள். எட்டுப் பேர் கப்பலில் இரண்டு பேர் விழுந்தால் மீட்பதற்கு முறைப்படி ஆளே இல்லை. ஆள்குறைப்புக்கு எதிரான அவனுடைய வாதம் அங்கே தானாக எழும்.

கடைசியாகத் தேர்தல். மக்களவைக்கு 25 வயது நிறைந்திருக்க வேண்டும், வைப்புத்தொகை 25,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளருக்குப் பாதி. சுயேச்சைக்குப் பத்து முன்மொழிபவர்கள் வேண்டும். பதிவான செல்லத்தக்க ஓட்டில் ஆறில் ஒரு பங்கு வாங்காவிட்டால் வைப்புத்தொகை போகும். வேட்புமனுவோடு தரும் படிவம் 26-ல் ஐந்தாண்டு வருமான வரிக் கணக்கு விவரம் வர வேண்டும். இங்கே ஒரு கண்ணிவெடி இருக்கிறது. வெளிநாட்டுக் கப்பலில் ஆண்டில் பாதிக்கு மேல் போகும் மாலுமிகள் நாள் எண்ணி, வரிக்காக வெளிநாடு வாழ் இந்தியராக இருப்பார்கள். சட்டப்படி சரிதான். ஆனால் எதிர்க்கட்சி மேடையில் ‘இவர் இந்த நாட்டுக்கு வரியே கட்டாதவர்’ என்று ஆகிவிடும். அவன் இதற்குப் பதில் சொல்லித் தடுமாறட்டும்.

முதல் தேர்தலில் அவனைத் தோற்கடியுங்கள். வில்சன் தோற்றார், பிரெஸ்காட்டும் தோற்றார். தவணை மாறாமல் போனால் மக்களவைத் தேர்தல்கள் 2064, 2069, 2074-ல் வரும். 2055-ல் 24 வயதில் கைவிடப்பட்ட கப்பல், 33 வயதில் சங்கச் செயலாளர், 2069-ல் 38 வயதில் வைப்புத்தொகை இழப்பு, 2074-ல் 43 வயதில் வெற்றி. நடுவில் ஐந்தாண்டு மீனவர் குப்பத்திலும் உப்பளத்திலும் துறைமுகக் குடியிருப்பிலும் அவன் நடந்திருக்க வேண்டும். உப்பளத் தொழிலாளியின் கூலி பற்றிப் பேசத் தெரியாத மாலுமித் தலைவருக்குத் தூத்துக்குடியில் ஓட்டு விழாது. உறுப்பினராக இருந்துகொண்டே சங்கத் தலைவராகத் தொடரலாம். அமைச்சரானால் சட்டப்படி சங்கப் பொறுப்பை விட்டாக வேண்டும். சங்கத்தை யாரிடம் கொடுக்கிறான் என்பது ஒரு முழு அத்தியாயம்.

நாடாளுமன்றத்தில் அவன் முதலில் கையில் எடுக்க வேண்டியது மாலுமிகளின் அஞ்சல் வாக்கு. தனிநபர் மசோதா, அதாவது அமைச்சர் அல்லாத உறுப்பினரின் மசோதா, கொண்டுவந்து வென்றான் என்று எழுதிவிடாதீர்கள். அப்படி ஒரு மசோதா கடைசியாகச் சட்டமானது 1970-ல். நடக்கக்கூடிய வழி வேறு. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 60-ஆவது பிரிவு, குறிப்பிட்ட வகையினருக்கு அஞ்சல் வாக்கு தர இடம் கொடுக்கிறது. தேர்தல் ஆணையத்தைக் கலந்துகொண்டு ஒன்றிய அரசு 1961-ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகளைத் திருத்தினால் போதும், அவையில் மசோதா நிறைவேற வேண்டியதில்லை. 2019-ல் 80 வயது கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அப்படித்தான் கிடைத்தது. நடைமுறைச் சிக்கல் வாக்குச்சீட்டு போய்த் திரும்பும் நேரம்: வேட்பாளர் பட்டியல் முடிவாவதற்கும் வாக்குப்பதிவுக்கும் இடையே இரண்டு வாரம்தான், பசிபிக்கைத் தாண்டும் கப்பலுக்கு அதற்குள் காகிதம் போய்த் திரும்பாது. சீட்டை மின்னணு முறையில் அனுப்பி, கப்பலில் அச்சிட்டு, கேப்டன் சான்றளித்து, அடுத்த துறைமுகத்தின் இந்தியத் தூதரகத்தில் சேர்க்க வேண்டும். கேப்டன் வேறு நாட்டவர் என்றால் அவருடைய சான்று செல்லுமா என்ற கேள்வியைத் தேர்தல் ஆணையம் முதல் கூட்டத்திலேயே அவனிடம் கேட்கும்.